வாயிலற்ற அரங்கு: கெடாத் தோட்டப்புறத் தமிழரும் திரைப்பட வயது வகைப்பாடும்

முன்னுரை

ஒரு திரைப்படத்தை யார் பார்க்கலாம், யார் பார்க்கலாகாது என வரையறுக்கும் பொறுப்பு எவருடையது? அரசுடையதா, பெற்றோருடையதா, படத்தைக் காட்டுவோருடையதா? மலேசியத் தமிழரிடையே இவ்வினா பல்லாண்டுகளாக எழுப்பப்பட்டு வருகிறது. தமிழ்ப் படங்களில் மலிந்த வெட்டும் குத்தும் இளையோரைக் கெடுக்கின்றன என்னும் குறை, மேடைகளிலும் நாளிதழ்களிலும் ஆசிரியர் கூட்டங்களிலும் மீண்டும் மீண்டும் கேட்கப்படுவது. எனினும், வயது வகைப்பாடு என்னும் முறை எவ்வாறு தோன்றியது, அது எத்தகைய பார்வையாளனை மனத்திற்கொண்டு அமைக்கப்பட்டது, அப்பார்வையாளன் நம் தோட்டப்புறங்களில் இருந்தானா என்பன போதிய அளவு ஆராயப்படவில்லை.

இக்கட்டுரை கெடா மாநிலத்தின் தோட்டங்களையும் நகரங்களையும் களமாகக் கொண்டு அவ்வினாக்களை அணுக முற்படுகிறது. கெடாவைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. கோலா மூடா, கூலிம் மாவட்டங்களின் இரப்பர்த் தோட்டங்களில் தமிழர் செறிந்து வாழ்ந்தனர். பின்னர் சுங்கை பட்டாணி, கூலிம், பாடாங் செராய், லூனாஸ் முதலிய நகர்களில் குடியேறினர். ஆகவே, தோட்டத்திலிருந்து நகருக்குப் பெயர்ந்த ஒரு சமூகத்தின் திரைப்பட அனுபவத்தை இங்குத் தெளிவாகக் காணலாம்.

தணிக்கை யாரைக் காத்தது?

மலாயாவில் காட்சிக்கலைகளைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தோன்றின. நீரிணைக் குடியேற்றங்களில் 1908ஆம் ஆண்டு அரங்குகள் சட்டம் இயற்றப்பட்டது. கெடா அப்போது சயாமின் மேலாண்மையில் இருந்தது. 1909ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின்னரே பிரித்தானியர் செல்வாக்கின்கீழ் வந்தது. அதன் பின்னும் அது கூட்டு மலாய் மாநிலங்களில் சேராமல் தனக்கெனச் சட்டங்களை வகுத்துக்கொண்ட மாநிலமாகவே விளங்கியது.

காலனித்துவ ஆட்சியாளரின் தணிக்கையில் சிறார் நலன் முதலிடம் பெறவில்லை. குற்றங்களைக் கற்பிக்கும் படங்களும் ஐரோப்பியரின் மதிப்பைக் குறைக்கும் படங்களுமே அவர்களை அச்சுறுத்தின. ஐரோப்பிய ஆடவரும் பெண்டிரும் இழிந்த நிலையில் திரையில் தோன்றினால், ஆளப்படும் மக்கள் ஆள்வோரை எவ்வாறு நோக்குவர் என்பதே கவலை. இவ்வகைத் தணிக்கையில் ஆசியப் பார்வையாளர் அனைவரும், வயது எதுவாயினும், சிறுவராகவே கருதப்பட்டனர் எனலாம்.

இதே காலத்தில் இங்கிலாந்தில் வேறொரு முறை உருவாகிக் கொண்டிருந்தது. 1912இல் அமைக்கப்பெற்று 1913 முதல் செயற்பட்ட பிரித்தானியத் திரைப்படத் தணிக்கை வாரியம், அனைவர்க்கும் உரியவை ‘யு’ எனவும், வயது வந்தோர்க்கே ஏற்றவை ‘ஏ’ எனவும் இரு சான்றுகளை வழங்கியது. தொடக்கத்தில் ‘ஏ’ என்பது ஓர் அறிவுரையாக மட்டுமே இருந்தது. 1920களில் இலண்டன் மாவட்ட மன்றம் முதலான உள்ளாட்சி அமைப்புகள், பெற்றோரோ காப்பாளரோ உடன்வந்தாலன்றி இத்தகைய படத்துக்குச் சிறாரை அனுமதிக்கலாகாது என விதித்தன. இவ்விதி இரண்டு முற்கோள்களைக் கொண்டது. ஒன்று, படம் காட்டப்படும் இடத்திற்கு ஒரு வாயிலும் அதில் நுழைவுச் சீட்டை வாங்கிப் பார்க்கும் காவலரும் உண்டு. மற்றொன்று, சிறுவனுக்கு அருகில் ஓய்வுடைய பெற்றோர் ஒருவர் உண்டு. இன்றுவரை உலகெங்கும் வழங்கும் வயது வகைப்பாடுகள் இவ்விரு முற்கோள்களின் மேலேயே நிற்கின்றன.

தோட்டத்துத் திடல்

கெடாத் தோட்டங்களில் அவ்வாயில் இருந்ததா? நகர்ப்புறத்துப் படக்கொட்டகைகளில் இருந்தது உண்மையே. சம்பள நாளை ஒட்டி, வாடகை வண்டியிலோ மிதிவண்டியிலோ சுங்கை பட்டாணிக்கும் அலோர் ஸ்டாருக்கும் சென்று படம் பார்த்துத் திரும்புவது தொழிலாளர் வாழ்வில் அரிதாகக் கிட்டிய இன்பம். ஆனால், லயங்களில் வளர்ந்த தலைமுறைக்குத் திரைப்படம் பெரும்பாலும் திடலில்தான் அறிமுகமாயிற்று. மாரியம்மன் கோயில் திருவிழாவின்போதும் தீபாவளியை ஒட்டியும் இரு கம்பங்களுக்கிடையே வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவர். 1946இல் தோற்றுவிக்கப்பட்ட மலாயாத் திரைப்படப் பிரிவின் செய்திப்படங்களையும் விளக்கப்படங்களையும் ஏந்திய தகவல் துறை ஊர்திகளும், அவசரகாலம் நிலவிய 1948 முதல் 1960 வரையிலான ஆண்டுகளில், தோட்டங்களுக்கும் கம்பங்களுக்கும் வந்து சென்றன.

திடலில் வாயில் இல்லை, சீட்டு இல்லை. பாய் விரித்து அமர்ந்த பாட்டி முதல் தாயின் மடியில் உறங்கும் குழந்தை வரை அனைவரும் ஒரே படத்தைப் பார்த்தனர். ‘இது உனக்குரியதன்று’ என்று சிறுவனை அனுப்புவதற்கு வேறிடமும் இல்லை. லயத்து வீடுகள் வெறிச்சோடிக் கிடக்கும். எனவே, கண்ணை மூடிக்கொள் என்று மூத்தோர் சொல்வதும், அச்சந்தரும் காட்சியில் பிள்ளையை அணைத்துக்கொள்வதும், மறுநாள் பால்மரக் காட்டில் கதையின் நன்மை தீமைகளைப் பேசுவதுமே அங்கு வழங்கிய வகைப்பாடு. இதனை ஓர் ஒழுங்கு முறை எனக் கூற இயலாது. ஆயினும், பார்ப்பதும் பார்த்ததைப் பற்றிப் பேசுவதும் கூட்டாக நிகழ்ந்தன என்பது கருதத்தக்கது.

தீமையிலிருந்து தம்மைத் தாமே காத்துக்கொள்ள வேண்டும் என்னும் உணர்வு கெடாத் தோட்டத் தமிழர்க்குப் புதியதன்று. போருக்குப் பிந்திய ஆண்டுகளில் ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ. எம். சாமியின் தலைமையில் எழுந்த தொண்டர் படை இதற்குச் சான்று. கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது அவ்வியக்கத்தின் தலையாய கோரிக்கைகளுள் ஒன்று. 1947ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் பீடோங்கில் நிகழ்ந்த கள்ளுக்கடை மறியல், காவல் துறையினருடனான மோதலில் முடிந்தது. அடுத்து வந்த நாள்களில் இயக்கம் ஒடுக்கப்பட்டது. கள்ளுக்கடையைத் திறந்து வைத்திருந்தவர்களே தொழிலாளரின் குடிப்பழக்கத்தைக் குறைகூறினர் என்பது இந்நிகழ்ச்சி உணர்த்தும் முரண். திரைப்படம் பற்றிய விவாதத்திலும் இதையொத்த ஒரு முரணைப் பின்னர்க் காண்போம்.

இரு நாடுகள், இரு முறைகள்

தற்செயலாக, இந்தியாவிலும் மலாயாவிலும் திரைப்படத் தணிக்கைக்கான அடிப்படைச் சட்டங்கள் 1952ஆம் ஆண்டிலேயே அமைந்தன. எனினும், அவை சென்ற திசைகள் வேறு.

இந்தியாவில் 1918ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1920 முதல் சென்னை உள்ளிட்ட நகரங்களில் தணிக்கைக் குழுக்கள் இயங்கின. 1949ஆம் ஆண்டுத் திருத்தம் ‘யு’, ‘ஏ’ என்னும் இருவகைச் சான்றிதழ்களைக் கொணர்ந்தது. 1970இல் தீர்ப்பளிக்கப்பட்ட கே. ஏ. அப்பாஸின் வழக்கு இங்கு நினைவுகூரத்தக்கது. தம் குறும்படத்திற்கு ‘யு’ சான்று மறுக்கப்பட்டதை எதிர்த்தே அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். முன்தணிக்கையும், வயது வந்தோர் வராதோர் எனப் பிரித்தலும் அரசமைப்புக்கு முரணல்ல என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1983இல் பெற்றோர் வழிகாட்டலைக் குறிக்கும் ‘யு/ஏ’ சேர்ந்தது. 2023ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அதனை 7, 13, 16 ஆகிய வயதெல்லைகளாகப் பகுத்தது.

மலேசியாவில் வெட்டுதலும் தடுத்தலுமே நெடுங்காலம் தணிக்கையின் முதன்மைக் கருவிகளாக விளங்கின. படம் ஒன்று சமூகத்துக்கு ஏற்றதா இல்லையா என்பதே வினா. எந்த வயதினர்க்கு ஏற்றது என்னும் வினா பின்னரே வலுப்பெற்றது. 1996இல் பதினெட்டு வயதை எல்லையாகக் கொண்ட வகைப்பாடு நடைமுறைக்கு வந்தது. அது வன்முறையும் திகிலும் உடையவை, பாலியல் கூறுடையவை, சமய சமூக அரசியல் கூறுடையவை, இவை கலந்தவை என நான்கு உட்பிரிவுகளைக் கொண்டிருந்தது. தமிழ்த் திரைப்பட ஆர்வலர்க்கு 18எஸ்ஜி, 18பிஎல் முதலிய குறியீடுகள் சுவரொட்டிகளின் வழி பழகிப்போயின. 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டம் பழைய 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பெற்றது. 2006இல் பதின்மூன்று வயதுக்குட்பட்டோர்க்குப் பெற்றோர் வழிகாட்டலை வேண்டும் பிரிவு சேர்ந்தது. பின்னர் நான்கு உட்பிரிவுகளும் ‘18’ என ஒன்றாயின. 2023 டிசம்பர் முதல் 12, 13, 16 ஆகிய வயதெல்லைகளைக் கொண்ட விரிவான படிநிலை நடைமுறைக்கு வந்துள்ளது.

இவ்வரலாற்றை வளர்ச்சி என்றே கொள்ளலாம். வெட்டுவது படைப்பைச் சிதைக்கிறது. வகைப்படுத்துவது பார்வையாளனை மதிக்கிறது. ஆயினும், வகைப்பாடு பயன்பட வேண்டுமாயின் நாம் முன்னர்க் கூறிய இரு முற்கோள்களும் உண்மையாக இருத்தல் வேண்டும்.

வீட்டிற்குள் வந்த திரை

மலேசியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1963ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் தொடங்கியது. தோட்டங்களில் மின்விசை ஒரு சில மணி நேரமே கிடைத்த காலத்தில், லயத்துக்கு ஒன்றோ இரண்டோ தொலைக்காட்சிப் பெட்டிகள் இருந்தன. தமிழ்ப்படம் ஒளியேறும் நாளில் அவ்வீட்டின் முற்றம் சிறிய திடலாயிற்று. 1980களில் காணொளி நாடா வந்தது. பிறகு குறுவட்டு வந்தது. 1996இல் ஆஸ்ட்ரோ துணைக்கோள் ஒளிபரப்பும் அதன் வானவில் அலைவரிசையும் தமிழ் நிகழ்ச்சிகளை நாள் முழுதும் வீட்டிற்குள் கொணர்ந்தன. இம்மாற்றத்தில் இரண்டு நிகழ்ந்தன: வாயில் முற்றிலும் மறைந்தது, கூட்டாகப் பார்க்கும் வழக்கமும் மறையத் தொடங்கியது.

இதே காலத்தில்தான் தோட்டங்களும் கரைந்தன. இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்ட நிலங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் விற்கப்பட்டன. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவின் எழுச்சியும் சுங்கை பட்டாணியின் வளர்ச்சியும் கெடாவின் முகத்தை மாற்றின. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் மலிவுவிலை வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தன. கோயிலும் திடலும் ஆயாக்கொட்டகையும் உறவுமுறை கூறி அழைக்கும் அண்டை வீட்டாரும் பின்தங்கிவிட்டனர்.

‘பெற்றோர் வழிகாட்டல்’ என்னும் சொற்றொடரை இப்பின்னணியில் வைத்துப் பார்த்தல் வேண்டும். தோட்டத்தில் தாயும் தந்தையும் விடியுமுன் பெரட்டுக்குச் சென்றனர். ஆனால், நண்பகலுக்குப் பின் வீட்டில் இருந்தனர். நகரில் தந்தை இரவு வேலைக்கும் தாய் பகல் வேலைக்கும் செல்லும் வீடுகள் பல. பிள்ளைக்கு அருகில் அமர்ந்து, இக்காட்சியை இவ்வாறு புரிந்துகொள் எனச் சொல்லும் ஓய்வு யாருக்கு உண்டு? அன்றியும், வகைப்பாட்டின் விளக்கங்கள் மலாய் மொழியில் அமைந்தவை. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் சில ஆண்டுகளே பயின்ற தாய்க்கு, திரையின் மூலையில் சில நொடி தோன்றி மறையும் ஓர் எழுத்தும் எண்ணும் எதை உணர்த்தும்? சட்டம் கற்பனை செய்த பெற்றோரும் அடுக்குமாடியில் வாழ்ந்த பெற்றோரும் வெவ்வேறானவர்.

வன்முறை பற்றிய வாதமும் ‘கபாலி’யும்

மலேசிய இந்திய இளைஞரிடையே குண்டர் கும்பல் பழக்கம் பெருகியதற்குத் தமிழ்ப் படங்களே காரணம் என்னும் கருத்து 1990களிலிருந்து வலுவாக ஒலிக்கிறது. 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு வெளியிட்ட புள்ளிவிவரம் இக்கவலையை மிகுவித்தது. 49 கும்பல்களைச் சேர்ந்ததாகக் கூறப்பட்ட 40,313 பேரில் 28,926 பேர் இந்தியர். நாட்டு மக்கள்தொகையில் பத்து விழுக்காட்டை எட்டாத ஒரு சமூகத்துக்கு இவ்வெண்ணிக்கை பேரதிர்ச்சி.

இங்கு இருதரப்பு வாதங்களையும் நேர்மையாக எடைபோடுதல் வேண்டும். படங்களைக் குறைகூறுவோர் வெறுங்கூச்சலிடுவோர் அல்லர். அரிவாளேந்திய நாயகனை வழிபடும் படத்தைப் பத்து வயதுச் சிறுவன் மீண்டும் மீண்டும் பார்ப்பது நன்றன்று என்பதை வகுப்பறையில் நிற்கும் எந்த ஆசிரியரும் அறிவார். நாயகனின் நடையும் உரையாடலும் மறுநாளே பள்ளித் திடலில் ஒலிப்பதை நாம் கேட்டிருக்கிறோம். மறுதரப்பினரோ வேறொன்றைச் சுட்டுகின்றனர். இதே படங்களைத் தமிழ்நாட்டிலும் சிங்கப்பூரிலும் இளையோர் பார்க்கின்றனர். விளைவு எங்கும் ஒன்றாக இல்லை. தோட்டத்திலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பங்களின் வறுமை, பள்ளியிலிருந்து இடைநிற்றல், வேலையின்மை ஆகியவற்றை விட்டுவிட்டுத் திரையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிதாகிவிட்டது என்பது அவர்கள் வாதம். 2015இல் வெளிவந்த சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ இவ்வாதத்திற்குக் கலைவடிவம் தந்த மலேசியத் தமிழ்ப்படம். தோட்டத்தை இழந்த குடும்பத்துச் சிறுவன் ஒருவன் குண்டர் உலகின்பால் ஈர்க்கப்படுவதை 1990களின் தொடக்கத்தைக் களமாகக் கொண்டு அது சித்திரித்தது. அச்சிறுவனும் திரைப்படத்தை நேசிப்பவனே. ஆனால், அவனைத் தள்ளிய கைகள் திரைக்கு வெளியே இருந்தன.

2016 ஜூலை 22ஆம் நாள் வெளியான பா. இரஞ்சித்தின் ‘கபாலி’ இவ்விவாதத்தின் முடிச்சுகள் அனைத்தையும் ஒருங்கே கொண்டது. தோட்டத் தொழிலாளரின் ஊதியத்துக்காகக் குரல்கொடுத்துப் பின் கும்பல் தலைவனாகிய ஒரு மலேசியத் தமிழனின் கதை அது. இந்தியாவில் அதற்கு அனைவரும் பார்க்கத்தக்க ‘யு’ சான்று கிடைத்தது. இதன் பின்னணியில் ஒரு பொருளியல் காரணமும் எண்ணத்தக்கது. தமிழ்நாட்டில் தமிழ்ப் பெயர் சூட்டிய படங்களுக்கு 2006இல் கேளிக்கை வரிவிலக்கு அளிக்கப்பட்டது; 2011இல் அவ்விலக்கைப் பெற ‘யு’ சான்றும் வேண்டும் என்னும் நிபந்தனை சேர்ந்தது. 2017இல் சரக்கு சேவை வரி வரும்வரை, ‘யு’ என்பது சிறார்க்கு ஏற்றது என்பதோடு தயாரிப்பாளருக்கு இலாபம் தருவது என்னும் பொருளையும் பெற்றிருந்தது. வகைப்பாடு சிறாரைக் காப்பதற்கென்று தோன்றிப் பிறிதொரு நோக்கத்துக்கு ஊழியம் செய்தமைக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

மலேசியத் திரையில் நிகழ்ந்தது வேறு. நாயகனின் முடிவை ஐயத்தில் விட்டு நிறைவுறும் அப்படத்தின் இறுதியில், கபாலி காவல் துறையிடம் சரணடைந்தான் என்னும் அறிவிப்பு மலேசியக் காட்சிகளில் சேர்க்கப்பட்டது. ஒரு நாட்டில் குழந்தையும் பார்க்கத்தக்கது எனப்பட்ட முடிவு, மற்றொரு நாட்டில் வளர்ந்தோர்க்கும் விளக்கம் வேண்டியதாயிற்று. படத்திற்கு வயதெல்லை வகுக்கும் முறை நடைமுறையிலிருந்த காலத்திலேயே, கதையின் முடிவைத் திருத்தும் பழைய முறையும் உடனிருந்தது என்பது இதனால் புலனாகிறது. இது பார்வையாளனை வளர்ந்தவனாக நம்பாத காலனித்துவ மனப்பாங்கின் எச்சமா, குண்டர் கும்பலால் பிள்ளைகளை இழந்த ஒரு சமூகத்தின்பால் காட்டப்பட்ட பொறுப்புணர்வா? இரண்டும் கலந்தது என்பதே நம் கருத்து. ஆனால், ஒன்று உறுதி. ஒரு வரி அறிவிப்பைப் படித்துத் தன் போக்கை மாற்றிக்கொள்ளும் இளைஞனை நாம் கண்டதில்லை. கள்ளுக்கடையைத் திறந்து வைத்துக் குடிகாரனைக் குறைகூறிய பழைய முரணை இங்குப் பொருத்திப் பார்க்கலாம். வாழிடத்தையும் ஆதரவையும் இழந்தவனின் முன், திரையின் கடைசி வரியை மட்டும் திருத்தி வைப்பது எளிது.

உலா இலக்கியம் தரும் ஒரு நோக்கு

தமிழாசிரியர் என்னும் முறையில் நம் மரபிலிருந்து ஒன்றை இங்கு எண்ணிப் பார்க்கலாம். உலா இலக்கியத்தில் தலைவன் வீதியில் பவனி வருகிறான். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்னும் எழுபருவ மகளிரும் அவனைக் காண்கின்றனர். காட்சி ஒன்றே, காண்போர் எழுவகையினர். பேதைக்கு அது விளையாட்டினிடையே தோன்றிய ஒரு வேடிக்கை, மடந்தைக்கு வேட்கை, பேரிளம்பெண்ணுக்கு முதிர்ந்த உணர்வு. சேரமான் பெருமாள் நாயனாரின் ஆதி உலா முதல் ஒட்டக்கூத்தரின் மூவருலா வரை இவ்வமைப்பு தொடர்கிறது.

உலா காட்சியை வகைப்படுத்தவில்லை, காண்போரை வகைப்படுத்தியது. பேதையை வீதியிலிருந்து விலக்காமல், அவள் கண்ணுக்கு அது எவ்வாறு தோன்றும் என ஆராய்ந்தது. உலாவைக் கொண்டு தணிக்கைச் சட்டம் இயற்ற இயலாது. அதன் நோக்கமும் வேறு. எனினும், வயது வகைப்பாட்டின் அடிப்படையான உண்மையை அது முன்பே உணர்ந்திருந்தது. ஒரே காட்சியைப் பன்னிரண்டு வயதும் பதினாறு வயதும் ஒரே வகையாகக் காண்பதில்லை. ஆதலின், ‘இதைப் பார்க்காதே’ என்பதோடு, ‘நீ இதில் எதைக் கண்டாய்?’ என்னும் வினாவும் கேட்கப்பட வேண்டியதாகிறது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. வயது வகைப்பாடு, வாயிலுடைய அரங்கையும் ஓய்வுடைய பெற்றோரையும் முற்கோளாகக் கொண்டு மேலைநாட்டு நகரங்களில் தோன்றியது. கெடாத் தோட்டத் திடலில் அவ்வாயில் இருந்ததில்லை. கூட்டுச் சமூகமே குறையுடனேனும் அப்பணியைச் செய்தது. தோட்டங்கள் அழிந்தபோது அச்சமூகக் காவலும் அழிந்தது. புதிய வகைப்பாடு அவ்விடத்தை நிரப்பவில்லை. இன்று கைப்பேசி வந்தபின் நிலைமை மேலும் சிக்கலாகியுள்ளது. இணையத்தைத் தணிக்கை செய்வதற்கு இச்சட்டத்தில் எதுவும் இடந்தராது என 1998ஆம் ஆண்டுத் தொடர்பு பல்லூடகச் சட்டம் கூறுகிறது. படக்கொட்டகையின் வாயிலில் தடுக்கப்படும் சிறுவனின் கையிலேயே மற்றொரு படக்கொட்டகை உள்ளது.

இதனால் வகைப்பாடு வீண் என்பது நம் முடிவன்று. 2023இல் வந்த விரிவான படிநிலை பெற்றோர்க்கு முன்னினும் தெளிவான குறிப்பைத் தருகிறது. அக்குறிப்பு உரியவரைச் சென்றடைய வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். வகைப்பாட்டின் பொருளும், ஒரு படத்திற்கு அவ்வகை வழங்கப்பட்டதற்கான காரணமும் தமிழில் கிடைத்தல் வேண்டும். கெடாவில் ஐம்பதுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் தேர்ச்சி அறிக்கையோடு இதனையும் பேசலாம். மேல்நிலை வகுப்புகளில், மாணவர் ஏற்கெனவே பார்த்துவிட்ட படத்தைப் பற்றி அவர்களையே பேசவும் எழுதவும் செய்யலாம். நாயகன் அரிவாளை எடுக்கும் முன் அவனுக்கு வேறு என்ன வழிகள் இருந்தன என்று ஒரு கட்டுரை எழுதச் செய்தால் போதும். மாணவன் கதைக்குள்ளிருந்து வெளியே வந்து நின்று நோக்கக் கற்பான்.

அன்று திடலில் படம் முடிந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு லயத்துக்கு நடந்த வழியில் பெரியோரும் சிறியோரும் கதையைப் பேசிச் சென்றனர். அத்திடலும் அவ்வழியும் இன்று இல்லை. அப்பேச்சை மட்டுமாவது வகுப்பறையில் மீட்டெடுப்பது தமிழாசிரியரின் கடமை என நாம் கருதுகிறோம்.